அப்பா வீட்டைப் பார்த்த வாரம்

அப்பா வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த மறுநாள் காலை, சமையலறை வாசலில் நின்றபடி அம்மாவிடம், "நீ ஃப்ரிட்ஜை இடுப்பால இடிச்சு மூடுறது ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

அம்மாவின் ஒரு கையில் தயிர்ப் பாத்திரம், மறு கையில் முட்டைத் தட்டு. இரண்டையும் மேடையில் வைத்துவிட்டு வந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டாள். நன்றாகத் தூங்கினேன் என்றார். "பின்ன என்ன?" என்று சொல்லிவிட்டு முட்டை உடைக்கப் போய்விட்டாள். அன்று அவள் உடைத்ததில் ஒன்று ஓட்டோடு சட்டியில் விழுந்தது. அம்மாவுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பாராட்டுவது கிடையாது. வெறுப்பெல்லாம் ஒன்றுமில்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மிஞ்சி மிஞ்சிப் போனால் "பரவாயில்லை." நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோது பரவாயில்லை. தம்பி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தபோது, "பரவாயில்லை, ஷூவைக் கழட்டி வெளியில வை." அத்தைக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை கிடைத்த அன்று அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். தன் அண்ணன் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு வார்த்தையை வாங்கிவிட்டதாக அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர்தான் இப்போது ஃப்ரிட்ஜ் மூடுவதைப் பார்த்து அழகு என்கிறார்.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கும் உயரமான கட்டடங்களில் பாதி அவருக்கு உள்பக்கமாகத் தெரியும். மற்றவர்கள் வாசல் வழியாக ஒரு கட்டடத்தைத் தெரிந்துகொள்வார்கள். அப்பா, லிப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுப் பள்ளத்தின் வழியாகத் தெரிந்துகொள்வார். எந்த மாடியில் கதவு உரசும், எந்தக் கம்பி முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாங்கள் குடியிருப்பதோ லிப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிவந்து பார்சல் கொடுப்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்லிக் குத்திக்காட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

கம்பெனி அவரை ஆறு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்திருந்தது. அங்கே வானத்தைத் தொடும் கட்டடங்களில் ஓடுகிற புது மாதிரி லிப்டுகளைக் கற்றுக்கொண்டு வரவேண்டும். அவர் விமானம் ஏறிய நாளிலிருந்து நான் கேள்விகளைச் சேர்த்துவைத்திருந்தேன். நான் படிக்கிற நாவல்கள் எல்லாம் வேறு நாடுகளில் நடப்பவை, வேறு மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தவை. பனி விழும்போது சத்தம் கேட்குமா? டிராம் வளைவில் திரும்பும்போது நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்களா? ஆற்றுப் பாலத்தில் யாராவது நிஜமாகவே வேலைவெட்டி இல்லாமல் நின்று தண்ணீரைப் பார்ப்பார்களா? இதெல்லாம் எனக்குத் தெரிந்தாகவேண்டும். எங்கள் தெருமுனைக் கட்டடத்தின் நிறத்தைக் கேட்டால் முழிப்பேன். ஆனால் நான் கால் வைக்காத ஊர்களின் பாலங்களுக்கு விளக்குக் கம்பம் உட்பட வரைபடம் போட்டுத் தருவேன்.

அப்பா வந்தார். தம்பிக்கு நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச், அத்தைக்குக் கைப்பை, அம்மாவுக்குக் காய் நறுக்கும் கத்தி, எனக்கு ஒரு குடை. பனி பெய்ததா என்றேன். "பெய்ஞ்சுது." சத்தம்? "கவனிக்கலையேம்மா." மனிதர்கள்? "நல்லவங்க." ஊர்? "அங்க எல்லாம் சரியா இருந்துச்சு." அவருடைய பயணக் கட்டுரை இந்த ஒரு வரியோடு முடிந்தது. நான் குடையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கினேன்.

கம்பெனி அவருக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் எங்கேயும் போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பால்கனிக் கொடி. அம்மா தடித்த துணிகளை வெளிக்கம்பியிலும் மெல்லியவற்றை நடுவிலும் காலுறைகளைச் சுவர் ஓரத்திலும் போடுவாள். சுவரின் சூட்டில் காலுறை சீக்கிரம் காயும். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்பா கேட்டார். எதை என்று அம்மா கேட்டாள். அவளுக்கே தெரியாது. அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளக் கொடியை ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது.

அப்புறம் குளியலறைக் குழாய். அதை இறுக மூடிவிட்டு ஒரு மயிரிழை பின்னால் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் சொட்டும். நாங்கள் நான்கு பேரும் அதைத்தான் செய்கிறோம் என்பது அப்பா எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அந்தக் குழாயைக் கொஞ்சம் மூடு" என்று நிற்கவைத்தபோதுதான் தெரிந்தது. தம்பி மூடிக் காட்டியதும் அப்பா தலையசைத்தார். "பாருங்க, கை தானா பின்னாடி வருது." தம்பி தன் கையை ஏதோ கடன் வாங்கிவந்த பொருள் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கூடத்தில் ஒரு தரை ஓடு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். விருந்தாளிகள் அத்தனை பேரும் அதில் தடுக்குவார்கள். நாங்கள் மின்சாரம் போன நேரத்தில்கூட அந்த இடத்தில் காலைத் தூக்கித்தான் வைப்போம். வெளிநாட்டிலிருந்து வந்த அப்பாவே முதல் நாள் அதில் பெருவிரலை இடித்துக்கொண்டார். இடித்துக்கொண்டு, வலியை மறந்து, நாங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை, மருத்துவமனையிலிருந்து தன் செல்லுக்குத் திருப்பிவிட்ட போனில் தேன் ஒழுகும் குரலில், "சொல்லுங்க, பல்லில் என்ன தொந்தரவு?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தாண்டினாள்; போனை வைத்த அடுத்த நொடி சொந்தக் குரலில், "டேய், என் சீப்பை எவன் எடுத்தது?" என்று கத்திக்கொண்டே திரும்பத் தாண்டினாள். அப்பா கைதட்டாத குறை.

வீட்டில் கூடிக் கூடிப் பேசிக்கொண்டோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும், தன் மருத்துவமனையில் வரிசையில் நிற்கிற எல்லோரும் சர்க்கரை ஏறியதும் இப்படித்தான் உருகுகிறார்கள் என்றாள் அத்தை. பல் பிடுங்கப்போகிற பயத்தில் உருகுகிறார்களோ என்னவோ என்றாள் அம்மா. அப்பா புது வீடு பார்க்கிறார், அதற்குமுன் பழையதைத் தட்டிக்கொடுக்கிறார் என்பது தம்பியின் கட்சி. எனக்கு மட்டும் வேறு மாதிரி தோன்றியது. நான் ஒரு நல்ல நாவலின் முதல் பக்கத்தில் இருக்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அப்பாவின் முகம்.

வியாழக்கிழமை எனக்குக் கல்லூரி இல்லை. நண்பகலில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "சத்தம் போடாம வா" என்று வாசலுக்குக் கூட்டிப்போனார். இருவரும் மூன்றாவது மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப்பார்த்தோம்.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சாவிதான். மற்றவற்றையெல்லாம் தம்பி தொலைத்தாகிவிட்டது. இனிமேல் ஒரே சாவி, அது பெரியவர்கள் கையில் என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். அம்மாவுக்கு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி எடைபோடும் மேடையில் காலை வேலை, அத்தைக்கு மதியத்திலிருந்து. ஆகவே தினமும் நண்பகலில் ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி இறங்குவாள்.

அத்தை படபடவென்று இறங்கிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அம்மா பையோடு ஏறிவந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருவரும் நிற்காமலே கடந்தார்கள். சாவி அத்தையின் கையிலிருந்து அம்மாவின் கைக்குப் போனது. பால் வந்தாயிற்று, மோட்டார் போடவில்லை என்று அத்தை படிகளைப் பார்த்துச் சொன்னாள். அம்மா போகிறபோக்கில் கட்டைவிரலால் அத்தையின் கழுத்தில் திட்டாக இருந்த பவுடரைத் துடைத்துவிட்டாள். அத்தை நிற்கவில்லை, துடைக்கட்டும் என்று கழுத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துக்கொடுத்தாள். அவ்வளவுதான். செருப்புச் சத்தம் ஒன்று கீழே போனது, ஒன்று மேலே வந்தது.

காலையில் சீப்புக்கும் சோப்புக்கும் சண்டை போடுகிற இரண்டு பேர். அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன்: வீட்டில் அப்பாவும் நானும் இருக்கிறோம், கதவு அகலத் திறந்தே கிடக்கிறது, இன்றைக்குச் சாவிக்கு வேலையே இல்லை. இருந்தும் அது கை மாறியது.

"பார்த்தியா?" என்றார் அப்பா மெதுவாக. நான் தலையாட்டினேன். இத்தனை வருஷம் புத்தகத்தில் எத்தனையோ படிக்கட்டுகளில் ஏறியிருக்கிறேன், எங்கள் வீட்டுப் படிக்கட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் சந்தோஷமாகப் படிக்கட்டில் பார்த்ததைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"உங்கப்பா திரும்பப் போகப்போறார்" என்றாள்.

யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லை. பெட்டி இன்னும் பரணில் ஏறவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. மேனேஜரிடமிருந்து போன் வந்தால் பால்கனிக்குப் போகிறார். திங்கட்கிழமை சொல்கிறேன் சார் என்று சொன்னதைத் தம்பி கேட்டிருக்கிறான். அம்மா இதையெல்லாம் காய் எடைபோடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"அதுவுமில்லாம, போறவங்கதான் இப்படிப் பார்ப்பாங்க. இங்கயே இருக்கப்போறவங்க எதுக்கு உத்து உத்துப் பார்க்கணும்?"

எனக்கு ஒரு நொடி உள்ளுக்குள் குபுக்கென்று சந்தோஷம் பொங்கியது. அப்பா அங்கேயே இருந்தால் நாங்கள் ஒருநாள் போகலாம், பாலத்தில் நிற்கலாம். அப்புறம்தான் அம்மாவின் கையைப் பார்த்தேன். நாரை எடுத்தபிறகும் அதே காயைத் திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அழுகிற ஆள் இல்லை, ஏதாவது செய்கிற ஆள். வெள்ளிக்கிழமையிலிருந்து செய்ய ஆரம்பித்தாள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று சொன்னாரே, அதை அவள் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். இங்கேயும் எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மனிதன் எதற்காகப் போகவேண்டும்? ஃப்ரிட்ஜைக் கையால் மூடினாள். அதற்குப் பாத்திரத்தைக் கீழே வைக்கவேண்டும், வைத்த பாத்திரத்தைத் தம்பி உதைத்தான், தரையெல்லாம் தயிர். அத்தையிடமும் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். மதியம் இருவரும் படித் திருப்பத்தில் நின்று, மேடை நாடகத்தில் வருகிறவர்கள் மாதிரி, "வாங்க அண்ணி", "போயிட்டு வாம்மா" என்று பேசிக்கொண்டார்கள். அந்த மரியாதையில் சாவி கை நழுவிப் படிக்கட்டின் நடுவே தரைத்தளம் வரை விழுந்தது. அம்மா திரும்ப இரண்டு மாடி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பழைய வேலைக்கூட்டாளி ஒருவரைப் பார்க்கக் கிளம்பினார். அவர் தெருவைத் தாண்டியதுதான் தாமதம், அம்மா குழாய் ரிப்பேர்க்காரரையும் தரை போடுபவரையும் வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். ஆனால் தினமும் தக்காளி எடைபோட்டுக் கொடுக்கிறவளைப் பகைத்துக்கொள்ள அந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. இருவரும் வந்தார்கள். நண்பகலுக்குள் பளபளவென்று புதுக் குழாய். கூடத்து ஓடு பெயர்க்கப்பட்டு, மட்டம் பார்த்து, வழுவழுவென்று படுத்துக்கொண்டது.

வீடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் ஒருவருக்கும் நடக்கத் தெரியவில்லை. கால் பழக்கத்தில் மேலே எழும்பி, அங்கே ஒன்றுமில்லாமல் தொப்பென்று கீழே வந்தது. பிறந்ததிலிருந்து ஒருநாளும் தடுக்காத தம்பி சமதரையில் தடுக்கி விழுந்தான். புதுக் குழாயை எல்லோரும் இறுக மூடிவிட்டு ஒரு மயிரிழை பின்னால் திருப்பினோம். புதுக் குழாய்க்கு அது திறப்பதாக அர்த்தம். அது சொட்டியது.

அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். கூடத்தில் அந்த இடம் வந்ததும் காலைத் தூக்கினார். வாரம் முழுக்க இடித்து இடித்துக் கற்றுக்கொண்டிருந்தார் பாவம். கால் தொப்பென்று விழுந்தது. குனிந்து ஓட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சொட்டுகிற சத்தம் கேட்டுக் குளியலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு எல்லாத்தையும் மாத்தின?"

"அங்க எல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல" என்றாள் அம்மா. "இங்கயும் சரியா இருக்கட்டும்னுதான். இதுக்கப்புறமும் போறதா இருந்தா போங்க."

தம்பி சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான். அத்தை எல்லோர் தட்டிலும் காய் வைத்துக்கொண்டே போனாள், கேட்காதவர்கள் தட்டிலும்.

அப்பா மறைக்கவில்லை. ஆமாம், கேட்டிருக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு. நாளைக் காலை பதில் சொல்லவேண்டும். ஆனால் வீட்டை அதற்காகப் பார்க்கவில்லை என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் எங்கள் யாருக்கும் தெரியாதது. அங்கே அவருக்கு ஒரு வெள்ளை அறை. கதவு தானாக மூடிக்கொள்ளும், விளக்கு தானாக அணையும். ஒரு விடுமுறை நாள் படுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கட்டடங்களில் எல்லாம் மனதுக்குள் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். எல்லாம் மாடி மாடியாக, கதவு கதவாக ஞாபகம் இருந்தது. சரி, நம் வீட்டுக்குப் போவோம் என்று மூன்று மாடி ஏறி வாசலைத் திறந்தால், உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. சமையலறைச் சுவர் என்ன நிறம்? குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? எதுவும் வரவில்லை. பயந்துபோய்த் தம்பிக்கு வீடியோவில் கூப்பிட்டு, சிக்னல் சரியில்லை, போனை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் நட என்று சொல்லியிருக்கிறார்.

"அதுக்குத்தானா?" என்றான் தம்பி. "நான் பரண் மேலெல்லாம் ஏறி நின்னேனே."

"பரணும் பார்த்தேன்" என்றார் அப்பா.

அதனால்தான் வந்ததும் பார்க்கவேண்டும் என்றிருந்தார். பார்த்தார். தட்டை மேசையின் ஓரத்தில் வைத்தார்.

"ரொம்ப நல்லா ஓடுது இந்த வீடு. ஒரு இடத்துலயும் உரசல. நான் குளிக்கிற நேரத்துல என் தங்கச்சி குளிக்கிறா. என் நாற்காலியில இவன் உட்கார்றான். என் அலமாரித் தட்டுல இவ புத்தகம் இருக்கு. தப்புச் சொல்லல. நான் எங்க நுழைஞ்சாலும் உரசும். நல்லா ஓடுற மெஷின்ல நான் கை வைக்கமாட்டேன்."

அப்போதுதான் நான் பார்த்தேன். அந்த ஒரு வாரமும் எங்களையெல்லாம் அவ்வளவு அழகாகப் பார்த்த மனிதர் எப்போதும் வாசற்படியில், சோபா ஓரத்தில், மாடிக் கைப்பிடியில் ஒதுங்கித்தான் பார்த்திருக்கிறார். இப்போதும் உட்கார இடமில்லாமல்தான் நின்றுகொண்டிருந்தார். தம்பி திடுக்கிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தான். அம்மா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"உரசினா உரசட்டும்" என்றாள். குரல் உயரவில்லை. "இடம் இல்லைன்னா இடிச்சுக்கிட்டு நில்லுங்க. யார் உங்களை வேணாம்னா? நீங்க இருந்தப்ப தினமும் அந்தக் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கும். உங்க பேப்பர், உங்க கண்ணாடி, உங்க சாக்கு மூட்டை மாதிரிச் சட்டை, எடுத்து வைக்க ஒரு ஆள் வேணும். இந்த ஆறு மாசம் சண்டை போட நீங்க இல்லாம எனக்கு வீடே சத்தமில்லாம கெடந்துச்சு. அதைப் பார்த்துட்டு நல்லா ஓடுதுங்கறீங்க."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

"போகணும்னா போங்க" என்றாள் அம்மா. "நல்ல வேலை, நானே பெட்டி கட்டித் தரேன். ஆனா 'நான் இல்லாமலே நடக்குது'ன்னு சொல்லிட்டுப் போகாதீங்க."

அத்தை கொஞ்சம் நகர்ந்து தன் நாற்காலியில் பாதியைக் காட்டினாள். அப்பா அதில் பாதி உடம்போடு உட்கார்ந்து, தங்கையின் முழங்கை விலாவில் குத்தக் குத்தச் சாப்பிட்டு முடித்தார். மிச்ச நாள் முழுக்க அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை நான் எழுந்துவந்தபோது அப்பா சமையலறையில் நின்றிருந்தார். அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில். அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாருமே நிற்கமாட்டோம், அது எல்லோரும் கடந்துபோகிற இடம். அங்கே ஒரு பாறை மாதிரி நின்று டிபன் பாக்ஸ்களுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். நேற்றுவரை இடுப்பை ஒருமுறை சாய்த்தால் நான்கு பேர் கடந்துவிடுகிற அந்தச் சமையலறையில் இன்று ஒருவரும் கடக்கமுடியவில்லை. அம்மா டீ வடிகட்டப்போய் அவர் முதுகில் மோதினாள். அத்தை தண்ணீர் எடுக்க வந்து பாதியில் திரும்பி, வேறு வழியாக வரலாம் என்று நினைத்தவள் மாதிரிப் பால்கனியைச் சுற்றி வந்தாள். சமையலறைக்கு வேறு வழியே கிடையாது. தம்பியின் பாக்ஸில் அத்தையின் மூடி, அத்தையின் பாக்ஸில் என் மூடி. ஒன்றும் பொருந்தாமல், அப்பா ஒவ்வொன்றையும் கையால் குத்தி அழுத்தினார்.

"அது என்னோடது அண்ணா. அந்தப் பச்சை. பச்சைங்க. பச்சைன்னா நீலத்தை எடுக்கறீங்களே" என்றாள் அத்தை.

தம்பிக்குப் பஸ் போய்விட்டது. அத்தை குளியலறைக் கதவைத் தட்டினாள், உள்ளே நான். நான் வெளியே வந்ததும், குழாயைச் சரியாக மூடவில்லை என்று அம்மா கத்தினாள். பழைய குழாய் என்றால் நான் மூடியது சரிதான், புதியதற்கு நான் பொறுப்பில்லை என்றேன் நான். வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. மேனேஜர். அப்பாவின் இரண்டு கையிலும் எண்ணெய், மூடிகள். பால்கனிக்குப் போகவும் வழியில்லை. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு தம்பி ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான். அம்மா அலமாரியிலிருந்து போனை எடுத்து, பச்சைப் பொத்தானை அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் டீயைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டீயில் சர்க்கரை எப்போதோ கரைந்துபோயிருக்கும். ஆனாலும் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்க சார்" என்றார் அப்பா. கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல சார். நான் வரல. வேற ஆளைப் போட்டுக்கங்க."

கரண்டி நின்றது.

மேனேஜர் ஏன் என்று கேட்டிருக்கவேண்டும். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பொருந்தாத மூடிகள், பஸ்ஸை விட்ட மகன், தலையில் துண்டோடு நிற்கிற தங்கை, தன் சட்டைக் கையில் பட்ட டீக்கறை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"காலையில வீட்டுல எனக்கு வேலை இருக்கு சார்" என்றார். "நான் இல்லாட்டி இவங்களால சமாளிக்க முடியாது."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அவள் சிரிப்பை அடக்கப் படும் பாடு எங்களுக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டது. மேனேஜர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், சம்பளம், வசதி என்று. அப்பா ஒவ்வொன்றுக்கும் புரியுது சார், புரியுது சார் என்றார். அம்மா கை வலிக்குமே என்று நான் போனை வாங்கப் போனேன். அவள் தரவில்லை. எதிர்முனையில் மேனேஜர் வைக்கும்வரை அவளே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

ஒரு கையில் தயிர்ப் பாத்திரத்தை எடுத்தாள், மறு கையில் முட்டைத் தட்டை எடுத்தாள்.

"நகருங்க" என்றாள்.

அப்பாவுக்கு எந்தப் பக்கம் நகருவது என்று தெரியவில்லை. அம்மா வலது பக்கம் வந்தாள், அவரும் அதே பக்கம் வந்தார். அம்மா இடது பக்கம் போனாள், அவரும் போனார்.